யார் வீட்டு ‘லா’?

அத்தியாயம் 17

“நாலு வருஷம், சனிக்கிழமை தவறாம பாயான் லெப்பாசுக்குக் காடி ஓட்டினது நான்ல? இல்ல, உன் சித்தியா?”

“ம்மா, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்குது.”

“கேக்கட்டும். அவங்களுக்கு முன்னாடியே தெரியும்ல. இந்த பிளாக்குல கடைசியா தெரிஞ்சுக்கிட்டவ நான்தான.”

பக்கத்து வீட்டு வள்ளியம்மாவுக்குத் தெரியும் என்பது உண்மைதான். அந்த நேரத்தில் அவர் நடைபாதையில் நின்று கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்தச் செடிக்கு அது இரண்டாவது குளியல். சண்டை நீண்டால் செடி அழுகிவிடும் என்ற நிலைமை.

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக இரண்டு வார்த்தை. புத்தாண்டு மதியச் சாப்பாட்டில், கோழிக் கறிச் சட்டியைத் திறந்தபடி சித்தி தெரேசா சொன்னாள்: “அக்கா, அமெரிக்காக்காரன் படிக்கப் போற கட்டுரையில நாந்தான் ஹீரோயின்லா.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தனலெட்சுமியும் சிரித்தாள். சிரித்தவள் கையிலிருந்த அப்பளம் மட்டும் தூளாகிவிட்டது.

அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். தனலெட்சுமி அப்படிப்பட்டவள் இல்லை. இரவு முழுக்க மனத்துக்குள் போட்டு வைத்தாள். ஊறப்போட்ட கடலை மாதிரி விடிவதற்குள் அது இரண்டு மடங்காகியிருந்தது. காலையில் வேலைக்கு எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு போட்டாள். கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எம்.சி. அச்சடித்துக் கொடுக்கிறவள் தனக்கே ஒன்று போட்டுக்கொண்டது பதினோரு வருடத்தில் அதுவே முதல் தடவை. காரணம் என்ற இடத்தில் ‘தலைவலி’ என்று எழுதியிருந்தாள். அந்தத் தலைவலி எட்டாவது மாடியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

சங்கதி இதுதான். தனலெட்சுமியின் ஒரே மகள் சுபாஷினி, முழு உபகாரச் சம்பளத்துக்கு ஒரு அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். மார்க்கு போதாதாம், கட்டுரையும் வேண்டுமாம். ‘உன் அறிவைப் பிடித்து இழுக்கிற ஒரு விஷயத்தைச் சொல், ஏன் இழுக்கிறது என்றும் சொல்.’ முந்நூற்றைம்பது வார்த்தைக்குள். அங்கே புத்தாண்டு நாள் நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த மறுநாள்தான் இன்று.

மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. கடல் பாலத்தைத் தாண்டிப் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போய்வரும் அப்பா குகன், “பாலத்தப் பத்தி எழுதேன், நம்ம ஊருல ரெண்டு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு அதோடு தன் கடமை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டார். தனலெட்சுமியின் மனத்தில் வேறு எந்தத் தலைப்புக்கும் இடமில்லை. ரோபோ. பள்ளியில் ஃபார்ம் டூ படித்ததிலிருந்து நாலு வருடம், காரில் பாயான் லெப்பாசுக்குக் கூட்டிப்போய் ரோபோ வகுப்பு. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இன்னமும் ஒரு சக்கரம் கழன்ற ரோபோ, கழுத்தில் வெண்கலப் பதக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. விருந்தாளிகள் யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவாள்.

சுபாஷினி ரோபோவை எழுதவில்லை. பாலத்தையும் எழுதவில்லை. ‘லா’வை எழுதியிருந்தாள்.

“ஒத்த எழுத்து,” என்றாள் தனலெட்சுமி. “வா லா, போ லா. இதுக்கு ஒரு கட்டுரையா. அமெரிக்காவுல சிரிக்க மாட்டாங்க?”

“ரோபோவப் பத்தி பத்தாயிரம் பேர் எழுதுவாங்கம்மா. இது என் கேள்வி.”

“உன் கேள்வியா, உன் சித்தியோட கேள்வியா? காட்டு, படிக்கிறேன்.”

டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளுக்கு மகளின் ஆங்கிலம் என்ன பிரமாதம். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள்.

என் சித்தி தைக்கும்போது பேசுவார், பேச்சு நின்றால் தையலும் நின்றுவிடும் என்று தொடங்கியது. சித்தி வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் மலாய்ப் பெண் நூர் ஃபாத்திஹா பாஜு குரோங் உடுப்பு தைக்கக் கொடுக்க வந்தாளாம். சித்தி ஃபோனில் யாரிடமோ முழுக்க முழுக்கத் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, “எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிஞ்சது, ஆனா அது எங்க வார்த்தை” என்று சிரித்தாளாம். அன்றிலிருந்து சுபாஷினிக்குக் காது அந்த ‘லா’விலேயே. ஒரு மொழி இன்னொரு மொழியிடமிருந்து பழத்தின் பெயரை வாங்கலாம், பலகாரத்தின் பெயரை வாங்கலாம். அதெல்லாம் கடையில் வாங்குவது மாதிரி. பேச்சின் வாலை வாங்க வேண்டுமென்றால் ஒரே வீட்டில் குடியிருந்தது மாதிரி பழகியிருக்க வேண்டும். சித்தி ‘விடுலா’ என்பார், ‘வேணாம்லா’ என்பார். ஆனால் கேள்வி கேட்கும்போது மட்டும் அந்த வால் வருவதில்லை. ஏன்?

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தனலெட்சுமிக்குத் தாங்கவில்லை.

மறுபடி மேலிருந்து படித்தாள். இந்தத் தடவை கருத்தைப் பார்க்கவில்லை, ஆளைத் தேடினாள். சித்தி அங்கே, சித்தி இங்கே, வரிக்கு வரி சித்தி. அம்மா ஒரே ஓர் இடத்தில் இருந்தாள். ‘அம்மா வேலை முடிந்து வர ஆறு மணியாகும் என்பதால், பள்ளி விட்டதும் நான் சித்தி வீட்டில் இருப்பேன்.’

அவ்வளவுதான். கட்டுரையில் அவளுக்குக் கொடுத்த வேலை வீட்டில் இல்லாமல் இருப்பது.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நடைபாதையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

“ம்மா, எங்க போற?”

“தலைவலிக்கு மருந்து வாங்க.”

*

பன்னிரண்டாம் மாடியிலிருந்து எட்டாம் மாடிக்கு லிஃப்டில் இறங்குவது ஒரு கோபத்துக்குப் போதாத தூரம். ஆனால் தனலெட்சுமி இந்தக் கோபத்தை இந்த லிஃப்டிலேயே வளர்த்தவள்.

எத்தனை வருடம். வேலை முடிந்து வந்து, மகளைக் கூட்டிப்போக எட்டை அமுக்குவாள். லிஃப்ட் கதவு திறக்கும்போதே சுபாஷினியின் சிரிப்பு நடைபாதை முழுக்கக் கேட்கும். தனலெட்சுமியின் செருப்புச் சத்தம் கிரில் கதவை நெருங்கியதும் அது நின்றுவிடும். பயம் எல்லாம் இல்லை. புத்தகத்தைப் பையில் போடத் தொடங்கிவிடுவாள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டதே. அந்தச் சிரிப்பு எதற்காக என்று தனலெட்சுமி ஒவ்வொரு நாளும் கேட்பாள். “ஒண்ணுமில்லம்மா” என்று ஒவ்வொரு நாளும் பதில் வரும். தெரேசா வீட்டில் ஒன்றுமில்லாததற்கே அவ்வளவு சிரிப்பு.

தெரேசா குகனின் தம்பி தனேஷைக் காதலித்துக் கட்டியவள். கட்டும்போது மாதா கோயிலா, மாரியம்மன் கோயிலா என்று நடந்த கூத்தை நாலாவது அத்தியாயத்தில் பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு இவள் வீட்டுக்குக் கேக் வரும், தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு முறுக்கு போகும். ஓரகத்திகள் இருவரும் வெளியில் பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி. உள்ளே பார்ப்பதற்கு வள்ளியம்மா இருக்கிறார்.

கிரில் திறந்தே இருந்தது. தெரேசா கழுத்தில் அளவு டேப்போடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பிளவுஸ், கை மட்டும் பாக்கி. தனலெட்சுமியின் பொங்கல் பிளவுஸ்தான்.

“வாங்கக்கா. கரெக்டா வந்தீங்க. கை அளவு ஒரு தடவ பாத்துருவோம்லா.”

“அளவெல்லாம் அப்பறம். நீ என் பொண்ணுகிட்ட என்ன சொல்லிக் குடுத்த?”

“நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? வாய் இருக்கு, பேசினேன். அதுவா எழுதிக்கிச்சுலா.”

“எழுதிக்கிச்சா. நேத்து சபையில எழுந்து ஹீரோயின்னு சொன்னல்ல. வள்ளியம்மா அக்காகிட்ட அதுக்கு முன்னாடியே சொன்னல்ல. என்கிட்ட சொல்லணும்னு தோணலல்ல?”

“சொன்னா இப்படித்தான் வந்து நிப்பீங்கன்னு தெரியும்லா.” தெரேசா டேப்பை இழுத்து மேசையில் போட்டாள். அவளுக்கும் கோபம் வந்தால் ஒரு அழகு உண்டு, மூக்குத்தி இல்லாத மூக்கு விடைக்கும். “அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அது சாயங்காலம் இங்க வந்து உக்காந்தா நான் என் கதையச் சொல்லுவேன், அது அதோட கதையச் சொல்லும். நீங்க வந்தா கேள்விதான் கேப்பீங்க. சாப்டியா, எழுதிட்டியா, மார்க்கு எவ்வளவு. புள்ள எப்படிப் பேசும்?”

“நான் பெத்தவ. நான் கேக்காம யாரு கேப்பா? பெத்தது நான்ல? காடி ஓட்டினது நான்ல? நீ உக்காந்த எடத்துல கதை பேசி எம் பொண்ண உன் பொண்ணாக்கிக்கிட்டல்ல?”

தெரேசாவுக்குப் பிள்ளை இல்லை. இது பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனலெட்சுமியும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தெரேசா மெஷினை விட்டு எழுந்தாள். மெஷின் விளக்கு மட்டும் பிளவுஸின் மேல் எரிந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்,” என்று வாசலில் ஒரு குரல். பின்னாலேயே படியில் ஓடி இறங்கி வந்த சுபாஷினி, மூச்சு வாங்க கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நொடி, “இல்ல, நிறுத்தாதீங்க. ம்மா, கடைசியா என்ன சொன்ன? அத மறுபடி சொல்லு,” என்றாள்.

“என்னடி, சண்டையிலயும் டெஸ்ட்டா?”

“நான்ல. ஓட்டினது நான்ல. ஆக்கிக்கிட்டல்ல. ம்மா, நீ ‘லா’ சொல்றதே இல்ல. உனக்குத் தெரியுமா? ‘ல’தான் சொல்ற.”

“எனக்கு லாவும் தெரியாது, லூவும் தெரியாது.”

“சித்தியோடது நெடில். மலாய்க்காரங்ககிட்ட வாங்கினது. உன்னோடது குறில். நம்மளுது, ‘அல்லவா’ தேஞ்சு வந்தது. கேக்கிறதுக்கு ஒண்ணு மாதிரி இருக்கு, வேலை வேற. சித்தி ‘விடுலா’ன்னா அங்க பேச்சு முடிஞ்சிரும். யாரும் பதில் சொல்ல வேணாம்.” சுபாஷினி பேசப் பேச அவள் கை தானாக எதையோ காற்றில் பிரித்துப் பிரித்து வைத்தது. “நீ ‘செஞ்சேன்ல’ன்னா, எதிர்ல இருக்கிறவங்க ‘ஆமா’ன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் அது முடியாது. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கு, நான் பாதியத்தான் எழுதியிருக்கேன்.”

தனலெட்சுமிக்கு முதலில் அவமானமாக இருந்தது. தன் பல்லை யாரோ வெளியில் எடுத்து வைத்து எண்ணுகிற மாதிரி. அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தாள். சுபாஷினி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கைச் சொல்லிவிட்டு ஓடுகிற பார்வை இல்லை. இத்தனை வருடம் சிரிப்பு நின்ற பிறகே பார்த்த முகம், இப்போது நிற்காமல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அதுவும் அம்மாவின் வாயில்.

தெரேசா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, பிளவுஸை எடுத்து மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

“மணி என்ன?” என்று பதறினாள் சுபாஷினி. “சித்தி, நான் மேல போறேன். மாத்தி எழுதணும்.”

“மாத்தியா?” என்றாள் தெரேசா.

கேள்வியாதலால் அதில் லா இல்லை.

*

மேலே சாவிப்பலகை தடதடத்தது. தனலெட்சுமி சமையலறையில் நின்று வெங்காயம் உரித்தாள். இன்று சமைக்கத் தேவையில்லை, நேற்று மீந்த கறி இருக்கிறது. இருந்தாலும் உரித்தாள். நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, “தண்ணி வேணும்ல…” என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டாள். சொந்த வீட்டில் சொந்த நாக்கைக் காவல் காக்க வேண்டிய கொடுமை.

“ம்மா, வா. படி.”

படித்தாள். தெரேசா வீட்டுக் கதை இருந்தது, நூர் ஃபாத்திஹா இருந்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு பகுதி. அதில் தனலெட்சுமி இருந்தாள். அதில் ரோபோவும் இருந்தது.

‘நாலு வருடம் அம்மா என்னை ரோபோ வகுப்புக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது காரில் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி கேட்பார்: பிடிச்சிருக்குல்ல? நான் ‘ம்’ என்பேன். எனக்கு ரோபோ பிடிக்கவில்லை. ஆனால் ‘ல’வில் முடிகிற ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல முடியாது என்பதை நான் கற்ற இடம் அந்தக் கார்.’

தனலெட்சுமி கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். ஒரு சக்கரம் கழன்ற ரோபோ வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

“பிடிக்கவே இல்லியா?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“இல்லம்மா.”

“நாலு வருஷமும்?”

“பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்தி மைலோ ஐஸ் வாங்கித் தருவல்ல, அது பிடிச்சிருந்துச்சு.” சொல்லிவிட்டு சுபாஷினி தன் வாயைத் தானே கேட்டாள் போல, சிரித்தாள். “பாரு, எனக்கும் ஒட்டியிருக்கு.”

அந்தச் சிரிப்பு பன்னிரண்டாம் மாடியில் கேட்டது. வள்ளியம்மா வரைக்கும்.

ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது கையில் வந்தபோது அது இப்படி இருந்தது. கட்டுரையில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. தான் ஓட்டிய காரிலேயே, ரோபோ பிடிக்காத பிள்ளையைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்ட வைத்த அம்மாவாக. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்துவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எடுத்துவிட்டால் மறுபடி ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவள் மட்டும்தான்.

“வார்த்தை கூடிருச்சும்மா. எதையாவது வெட்டணும், நேரமில்ல,” என்றாள் சுபாஷினி. “ஒண்ணு, இந்தக் காடிப் பகுதி. உனக்கு ஒரு மாதிரி இருந்தா எடுத்துர்றேன். இல்லன்னா, மேல சித்தியோட பேச்சு. அந்தத் தையல், ஃபோன், அதையெல்லாம் ஒரு வரியாக்கிரலாம். நீ சொல்லு.”

கேள்வி அவளிடம் வந்தது. பதில் சொல்ல வேண்டிய முறை அவளுடையது.

அவள் நல்லவளாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நமக்குத் தெரியும். கீழே ஒருத்தி பிளவுஸை மடித்து விரித்துக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் பிள்ளைக்கு இத்தனை வருடம் சாயங்காலச் சாப்பாடு. எல்லாம் தெரிந்தும், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மருந்துச் சீட்டில் விரல் வைக்கிற மாதிரி திரையில் விரலை வைத்தாள்.

“தையல வெட்டு.”

“உறுதியா?”

“காடி இருக்கட்டும்.”

தெரேசா ஒரு வரி ஆனாள். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சுபாஷினி பொத்தானை அமுக்கினாள். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கோழி முட்டையிடப் போகிற மாதிரி.

*

சாயங்காலம் தெரேசாவே மேலே வந்தாள். கையில் ஒரு டப்பா மீ கோரேங். சண்டை போட்ட அன்றும் சாப்பாடு கொண்டுவருகிறவள் அவள். தனலெட்சுமிக்கு அவளிடம் பிடிக்காத குணங்களில் அதுவும் ஒன்று.

“அனுப்பியாச்சா? காட்டுலா, படிக்கிறேன்.”

சுபாஷினி தன் ஃபோனைக் கொடுத்தாள். தெரேசா நின்றபடியே படித்தாள். தொடக்கத்தில் புன்னகை இருந்தது. விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. கொஞ்சம் போய், மறுபடி மேலே வந்தது, எதையோ கீழே போட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தேடுகிறவள் மாதிரி. இல்லை. மறுபடி கீழே போனது.

தனலெட்சுமி அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவின் மூடியைத் துடைத்தாள்.

“நல்லாருக்கு,” என்றாள் தெரேசா.

அவ்வளவுதான். ஃபோனை மேசையில் வைத்தாள்.

நேற்று வரைக்கும் தனலெட்சுமிக்கு அது வெறும் நல்லாருக்குதான். இன்று காலையிலிருந்து அவளுக்குப் புதுக் காது. ‘நல்லாருக்குலா’ இல்லை. வால் இல்லாத நல்லாருக்கு. தெரேசா வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து அவள் கேட்டதே கிடையாது.

சுபாஷினியும் கேட்டாள். “சித்தி, வார்த்தை கூடிருச்சு, அதான்…”

“தெரியும். அம்மா இருக்கணும், அதான் முறை. நான் எங்க போயிறப் போறேன்.” தெரேசா செருப்பை மாட்டினாள். தனலெட்சுமியைப் பார்த்து, “பிளவுஸ் கை இன்னிக்கு முடிச்சிருவேன்,” என்றாள். அதிலும் இல்லை.

லிஃப்ட் கதவு மூடியது. வென்றுவிட்டோம் என்ற நினைப்பு தனலெட்சுமிக்கு நன்றாகத்தான் இருந்தது. மீ கோரேங்கில் உப்பு சரியாக இருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

*

பொங்கலுக்கு முந்தின நாள் பிளவுஸ் வந்தது. தெரேசா வரவில்லை, தனேஷிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். உடம்பு கச்சிதம், கழுத்து கச்சிதம். வலது கை மட்டும் இறுக்கம். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் பிடித்தது. அவளுக்குப் பத்து வருடமாக அளவு பிசகாமல் தைக்கிறவள் தெரேசா.

தனலெட்சுமி அதையே போட்டுக்கொண்டாள். பொங்கல் பானையைக் கையைத் தூக்காமலே இறக்கினாள்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து நல்ல செய்தி வந்தது. சுபாஷினி அதை முதலில் யாரிடம் சொன்னாள் என்பதைப் பற்றிப் பிளாக்கில் இரண்டு கருத்து உண்டு. அதே மாதம் தெரேசாவும் தனேஷும் எட்டாம் மாடியைக் காலி செய்துகொண்டு தாசேக் கெலுகோருக்குக் குடிபோனார்கள். தரை வீடு, முன்னால் கொஞ்சம் மண், காற்று நல்லது என்று காரணம் சொன்னார்கள். அந்த வீட்டில் தெரேசா கடைசியாகத் தைத்தது எதிர்வீட்டு நூர் ஃபாத்திஹாவின் கல்யாண உடுப்பு. அவளும் ஜூனில் கல்யாணம் முடிந்து அலோர் ஸ்டாருக்குப் போய்விட்டாள். எட்டாம் மாடி நடைபாதை அமைதியாகிவிட்டது. லிஃப்ட் அங்கே நிற்பதற்கு இப்போது காரணமே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வரும்போது தனலெட்சுமியின் விரல் சில நாள் தவறிப் போய் எட்டை அமுக்கிவிடுகிறது.

ஆகஸ்டில் சுபாஷினி விமானம் ஏறினாள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் காடியை ஓட்டியது தனலெட்சுமிதான். வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தினாள். மைலோ ஐஸ் வாங்கினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேண்டுமென்றே அந்த மயில்கழுத்து பிளவுஸைத்தான் போட்டிருந்தாள். தெரேசாவும் வந்திருந்தாள், தூண் ஓரமாக நின்றாள். பிள்ளை உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, தெரேசாவின் கை கூட்டத்துக்கு மேலே உயர்ந்து ஆடியது. தனலெட்சுமியின் கை தோள் வரைக்கும் போய் நின்றுவிட்டது. சுபாஷினி யாரைப் பார்த்துக் கையாட்டினாள் என்று தனலெட்சுமிக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து பிளவுஸைக் கழற்றி, என்னதான் செய்திருக்கிறாள் என்று கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடந்தது. மெஷின் தையல் இல்லை. கையால் போட்ட ஓட்டுத் தையல், பெரிது பெரிதாக, முடிச்சுக்கூடச் சரியாகப் போடாமல். நூல் நுனி வெளியே தொங்கியது. இழுத்தால் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும், கை தாராளமாகிவிடும்.

வழியனுப்பிய கதையைக் கேட்க வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மா எட்டிப் பார்த்தார். “அட, இவ்வளவுதானா. இழுத்து விடு தனம்.”

தனலெட்சுமி நூல் நுனியை விரலில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் விட்டுவிட்டு, பிளவுஸை ஹேங்கரில் மாட்டினாள்.

“வேணாம்க்கா,” என்றாள். “தைச்சவளே வந்து பிரிக்கட்டும்லா.”

வள்ளியம்மா நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடப் பக்கத்து வீட்டில் அந்த வால் தனலெட்சுமியின் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. அன்று கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மறந்து, நேராக வீட்டுக்குப் போய் ஃபோனை எடுத்தார். தாசேக் கெலுகோரில், தெரேசா வீட்டில் மணி அடித்தது.

லாவுக்குப் பதில் வேண்டியதில்லை என்று சுபாஷினி சொல்லியிருந்தாள். தனலெட்சுமி அலமாரிக் கதவைச் சாத்தவில்லை. பிளவுஸ் கண்ணில் படுகிற மாதிரி, பாதி திறந்தே வைத்திருந்தாள்.